இரண்டு கிரெடிட்டுக்கு எங்கே போவது?

பி.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு அடுத்த கவலை வந்துவிடும்: இன்டர்ன்ஷிப். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் 2023 மாதிரிப் பாடத்திட்டப்படி, இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறையில் செய்யும் பயிற்சிக்கு 2 கிரெடிட். மதிப்பெண் ஐந்தாம் பருவத்தில் ஏறும். பி.காம். மாணவருக்கு ஆடிட்டர் ஆபீஸ் இருக்கிறது. அரசியல் படிப்பவர் யாரிடம் போய் நிற்பது?

தென் சென்னைவாசிகள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். அடையாறு காந்தி நகரில் மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நுகர்வோர் உரிமை, நகரப் பிரச்சினைகளில் 1985 முதல் இயங்கும் சிஏஜி அமைப்பும், 2013-இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழின் அரசியல், பொதுக்கொள்கை மையமும் நகருக்குள்ளேயே உள்ளன. எல்லா இடத்திலும் எல்லா வருடமும் ஆள் எடுக்க மாட்டார்கள். துறைத் தலைவரின் கடிதத்தோடு, தனக்கு என்ன செய்யத் தெரியும் என்று நாலு வரி எழுதி, பிப்ரவரியிலேயே கேட்டுவிட வேண்டும்.

டெல்லிக்குப் போகத்தான் பலருக்கும் ஆசை. நிதி ஆயோக்கில் சேர பிளஸ் டூவில் 85 சதவீதம் வேண்டும், குறைந்தது ஆறு வாரம் இருக்க வேண்டும், உதவித்தொகை கிடையாது. அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அப்பா தலையில். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே இது கட்டுப்படியாகும்.

அப்படியே போனாலும் அங்கே என்ன வேலை தருவார்கள் என்பதுதான் கேள்வி. உருப்படியான வேலைக்கு உள்ளூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.நகர் தொகுதியில் திமுகவின் ஜெ.கருணாநிதி வென்றது வெறும் 137 வாக்கு வித்தியாசத்தில். எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை, நோட்டாவுக்கு எத்தனை என்பதெல்லாம் தேர்தல் ஆணையத்தின் படிவம் 20-இல் இருக்கும். பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள்தான்; வரிவரியாக எக்செலில் தட்டச்சு செய்ய வேண்டும், கூட்டல் ஒத்துப்போக வேண்டும், கடைசியில் வரும் தபால் வாக்கைத் தனியாக வைக்க வேண்டும். பிறகு வாக்குச்சாவடிப் பட்டியலை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பொருத்திப் பார்க்கலாம். கண் வலிக்கும். ஆனால், ‘வாக்குவங்கி’ என்று டீக்கடையில் அடித்துவிடுவதெல்லாம் எவ்வளவு மேலோட்டமானது என்பது அப்போது விளங்கும்.

இதுபோல வேறு வேலைகளும் உண்டு. 2022-இல் தொடங்கிய மாநகராட்சி ஏரியா சபைக் கூட்டங்களில் மயிலாப்பூர் மாணவர் உட்கார்ந்து, மக்கள் என்ன கேட்டார்கள், அதில் எது நடந்தது என்று குறித்துவரலாம். பாண்டி பஜாரை எடுத்துக்கொள்பவர் 2014 தெரு வியாபாரிகள் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வியாபாரிகளிடமே பேசலாம். எதற்கும் நல்ல வழிகாட்டி ஒருவர் வேண்டும். வாரம் ஒருமுறையாவது எழுதியதைத் திருத்தித் தராத இடத்தில் சேர்வது வீண்.

பணம் கட்டினால் வீட்டுக்கே சர்டிபிகேட் அனுப்புகிறோம் என்பவர்களை நம்பவே வேண்டாம். தேர்தல் நேரத்தில் ‘இன்டர்ன்’ என்று சேர்த்துக்கொண்டு நாள் முழுக்க வாக்காளருக்கு போன் போட வைப்பதும் பயிற்சி ஆகாது. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் பெரிய நிறுவனங்களில் பயிற்சி பெறுவதற்கானது. முழுநேரக் கல்லூரி மாணவர்கள் அதில் சேர முடியாது.

எங்கும் இடம் கிடைக்கவில்லையா? உங்கள் தொகுதியின் படிவம் 20-ஐ இறக்கிக்கொண்டு பேராசிரியரைப் போய்ப் பாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.