தட்டுப்பாட்டிலும் தேதியைப் பார்ப்போம்



2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது நாம் பட்ட பாடு மறக்கக் கூடியதல்ல. லாரி இல்லை, சரக்கு இல்லை. அந்த நேரத்தில் நம்மிடம் வெகுகாலமாகச் சரக்கு எடுக்கும் சிற்றூர் மளிகைக்காரர் ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, காய்ச்சல் மாத்திரை நாலு அட்டை கிடக்கு. தேதி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்னு ஒரு அம்மா நிக்காங்க. கொடுக்கலாமா?" என்றார்.

"மூணு மாசம்தானே, கொடும்" என்ற சொல் நம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிறகு, "வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும். அங்கே இலவசமாகவே கொடுப்பார்கள்" என்றோம்.

தேதி முடிந்த மறுநாளே எல்லா மருந்தும் விஷமாகிவிடுவதில்லை என்பது உண்மைதான். அமெரிக்காவில் இராணுவத்துக்காகச் சேமித்த மருந்துகளை 1986 முதல் சோதித்துப் பார்த்து, நல்ல நிலையில் உள்ளவற்றுக்குத் தேதியை நீட்டித்து வருகிறார்கள். ஆனால் அவை பிரிக்கப்படாமல், சரியான வெப்பநிலையில் காக்கப்பட்டவை. தேதியை நீட்டிப்பதும் ஆய்வுக்கூடச் சோதனைக்குப் பிறகுதான். நம் கடையில் மாத்திரை கிடப்பதோ தகரக் கூரையின் கீழ், மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில்!

பருப்பில் வண்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் சிக்கடித்தால் மூக்குக்குத் தெரியும். மாத்திரை வீரியம் இழந்தால் எதற்கும் தெரியாது. இன்சுலின், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, கண் சொட்டு மருந்து இவற்றில் தவறினால் உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்து. வேறு வழியே இல்லாத நிலையிலும் முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். தராசு பிடிக்கும் நாம் அல்ல.

மருந்து விற்க உரிமம் வேண்டும். சிற்றூர்க் கடைகளுக்குச் சில வீட்டு மருந்துகளில் மட்டுமே விலக்கு உண்டு. அப்படி விற்பவர்கள் மாதம் ஒருமுறை தேதி பார்த்து, முதலில் முடிவதை முன்னால் வையுங்கள். முடிந்ததை 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதித் தனியே ஒதுக்கி, மொத்தக் கடைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

நாலு அட்டை நட்டத்தை ஒரே வாரத்தில் ஈடுகட்டலாம். நம்பி வந்தவர் வீட்டில் ஒன்று நேர்ந்துவிட்டால் எந்தக் கணக்கில் எழுதுவோம்?