விளையாட்டுக் கருவியா, விளையாட்டை ஆக்கியவரா?

வீடியோ விளையாட்டு என்ற சொல் காதில் விழுந்தவுடன் பெரியவர்கள் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. "படிப்பைக் கெடுக்கும் பிசாசு" என்பார் சிலர். "அது ஆண்பிள்ளைகள் சமாசாரம், உனக்கெதற்கு?" என்பார் வேறு சிலர். இவ்விரண்டு அபிப்பிராயங்களிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கதைப் புத்தகத்தைக் கையில் எடுப்பவர் முதலில் ஆசிரியர் பெயரைப் பார்க்கிறார் அல்லவா? அதுபோல ஒரு விளையாட்டைக் கண்டால் இதை ஆக்கியவர் யார் என்று கேட்பது என் வழக்கம்.

வேலூரில் என் பெரியம்மா வீட்டு அண்ணன் ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருக்கிறார். விடுமுறைக்கு நான் அங்கே சென்றால் நாங்கள் விளையாடும் நேரத்தைவிட வாதாடும் நேரமே அதிகம். எந்தக் கன்சோல் சக்தி வாய்ந்தது என்பதே அவர் பேச்சு. (கன்சோல் என்பது விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கணிப்பொறி. தொலைக்காட்சியோடு இணைப்பதும் உண்டு, கையில் பிடித்து ஆடுவதும் உண்டு.) சக்தி குறைந்த கருவியில்தான் அறிவு மிகுந்த விளையாட்டுகள் பிறந்தன என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்கான ஆதாரங்களை அன்புத் தோழியர் முன்னும் அருட்சகோதரிகள், பெற்றோர் முன்னும் வைக்கிறேன்.

வீட்டில் வைத்து விளையாடும் முதல் கன்சோல் 1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒடிசி ஆகும். அதைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் பேர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி 1938-இல் சிறுவனாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். அவர் கருவிக்கு ஒலி கிடையாது, வண்ணம் கிடையாது. திரையில் சில ஒளிப்புள்ளிகள் நகரும், அவ்வளவே. ஆகவே, ஆட்டத்துக்கு ஏற்ற படம் அச்சிட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளைத் தொலைக்காட்சித் திரைமீது ஒட்டிக்கொண்டு ஆடினார்கள்! பின்பு 1976-இல் ஜெர்ரி லாசன் என்னும் கறுப்பினப் பொறியாளரின் தலைமையில் சானல் எஃப் என்ற கருவி உருவாயிற்று. ஆட்டத்தைத் தனிப் பெட்டியில் அடைத்து, வேண்டும்போது செருகி, வேண்டாதபோது கழற்றும் கேட்ரிட்ஜ் முறை அதனோடு வந்தது. பாட்டுப் பெட்டிக்கு ஒலிநாடா எப்படியோ அப்படி.

இனி எனக்கு மிகவும் பிடித்தவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் குன்பெய் யோகோய். ஜப்பானில் கியோட்டோ நகரில் 1889 முதல் சீட்டுக்கட்டு செய்துவந்த கம்பெனி நின்டெண்டோ. அங்கே 1965-இல் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஓய்வு நேரத்தில் நீண்டு மடங்கும் கை ஒன்றைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி அதைக் கண்டார். கோபிப்பதற்குப் பதிலாக, இதையே விற்பனைக்குச் செய்து கொடு என்றார். யோகோயின் கொள்கை எளிமையானது: புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, எல்லோருக்கும் பழகி விலை மலிந்துபோனதை எடுத்துப் புதிய கோணத்தில் பயன்படுத்து.

1989-இல் அவருடைய குழு கேம் பாய் என்ற கைக்கருவியைச் செய்தது. அதன் திரை பச்சையும் சாம்பலும் கலந்த மங்கல் திரை. அடுத்த ஆண்டே சேகா கம்பெனியின் கேம் கியர் பளபளக்கும் வண்ணத் திரையுடன் வந்தது. யார் வென்றிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கேம் கியர் ஆறு பேட்டரிகளைப் போட்டும் நான்கைந்து மணி நேரத்தில் அணைந்துவிடும். கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். விலையும் குறைவு. பின்னாளில் வந்த அதன் வண்ண வகையையும் சேர்த்து, உலகில் 11 கோடிக்கு மேல் விற்றது. மின்சாரம் போனால் விடியும்வரை வராத மலையூர்களில் வாழும் நமக்கு இந்த வெற்றியின் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் பாட்டிமார் பாறைமேல் கரிக்கட்டியால் கோடு கிழித்து ஆடும் ஆடு புலி ஆட்டத்தில் இருப்பது மூன்று புலி, பதினைந்து ஆடு. கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் போதும். ஆனாலும் ஒரு மத்தியானம் முழுவதும் போய்விடுகிறது.

மாரியோவை அறியாதவர் இருக்கமாட்டார்கள். தொப்பியும் மீசையுமாகத் தாவிக் குதிக்கும் அந்த மனிதர் 1981-இல் டாங்கி காங் என்ற ஆட்டத்தில் பிறந்தார். படைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. அவர் பொறியாளர் அல்லர், வடிவமைப்புக் கலை பயின்றவர். மாரியோவுக்கு ஏன் மீசை தெரியுமா? அக்காலத் திரையில் ஓர் ஆளை வரைய விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டங்களே கிடைக்கும். அதில் வாய் வரைய இடம் இல்லை, ஆகவே மீசை. தலைமுடி அசைவதைக் காட்ட முடியவில்லை, ஆகவே தொப்பி. கை வீசுவது தெரிய வேண்டும், ஆகவே சட்டைக்கும் கால்சட்டைக்கும் வெவ்வேறு நிறம். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிற்று. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல பத்து மடங்கு பெரியது. அந்த ஆட்டத்தில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான். நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள், சிரிப்பு வந்துவிடும்.

மியாமோட்டோ பிறந்தது சோனோபெ என்ற சிற்றூர். சிறுவனாக இருந்தபோது அருகிலுள்ள குன்றுகளில் தனியே சுற்றித் திரிவாராம். ஒரு குகையைக் கண்டு, பயந்து, பிறகு விளக்கோடு மீண்டும் வந்து உள்ளே போனாராம். அந்தக் குகையும் திகைப்பும்தான் 1986-இல் வந்த செல்டா விளையாட்டாயிற்று என்று அவரே பலமுறை கூறியுள்ளார். இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. ஏனெனில் குன்றும் குகையும் நமக்குப் புதியவையா? ஜமுனாமரத்தூரிலிருந்து பீமன் அருவிக்கு நடந்துபோனவளுக்கு, வளைவு திரும்பியதும் எதிர்பாராமல் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் அந்தக் கணம் தெரியும். அவர் செய்ததெல்லாம் அக்கணத்தை முன்பின் கண்டிராதவருக்கும் கொடுத்ததுதான்.

"ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்போருக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: கேரல் ஷா. 1982-இல் ரிவர் ரெய்டு என்ற ஆட்டத்தை ஆக்கிய பெண்மணி. நீண்ட ஆற்றின்மேல் விமானம் பறந்துகொண்டே இருக்கும். ஆனால் அவருக்குக் கிடைத்த கேட்ரிட்ஜில் இருந்த இடம் 4 கிலோபைட். அதில் ஆற்றுப்படம் முழுவதையும் எப்படி அடைப்பது? அவர் ஆற்றைச் சேமிக்கவில்லை. ஆற்றின் கரை எப்படி வளைய வேண்டும் என்ற கணக்கை மட்டும் எழுதிவைத்தார். கணக்கு ஓட ஓட ஆறு தானாக விரிந்துகொண்டே போகும், ஒவ்வொரு முறையும் அதே வளைவுகளோடு. நாம் மார்கழியில் கோலம் போடுகையில் படத்தையா மனப்பாடம் செய்கிறோம்? எத்தனை புள்ளி, எங்கே வளைப்பது என்ற முறையைத்தானே நினைவில் வைத்திருக்கிறோம்? கோலம் தெரிந்த எவளுக்கும் கேரல் ஷாவின் உபாயம் பாதி தெரியும் என்பேன்.

நிற்க. இத்தனை புகழ்ந்த பின் இகழ வேண்டியதையும் இகழ்வதே நியாயம். இன்று நம் மலைக்கு வந்து சேரும் விளையாட்டுகள் பெரும்பாலும் கைபேசியில் இலவசமாகக் கிடைப்பவை. அவற்றில் பலவற்றுக்கு ஆக்கியவர் என்று ஒருவர் இருப்பதாகவே தோன்றவில்லை, கல்லாப்பெட்டி மட்டும் தோன்றுகிறது. ஐந்து முறை ஆடினால் "உயிர்" தீர்ந்துவிடும். மறுபடி ஆட ஒரு மணி நேரம் காத்திரு, அல்லது பணம் கட்டு. மூடிய பெட்டியை வாங்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்த பிறகு பார். இது திருவிழாச் சக்கரத்தில் காசு வைப்பதற்கு ஒப்பானது. இதைவிட மோசமானவை நேராகவே பணம் வைத்து ஆடுபவை. தமிழக அரசு இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022-இல் சட்டம் இயற்றிற்று. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் புளி விற்ற பணம் இவ்வாறு போயிற்று. போக்கியவன் அந்த வீட்டு மூத்த பையன். கோபம் கொண்ட தகப்பனார் கைபேசியைப் பூட்டிவைத்துவிட்டார். பாடக் காணொளிகளை அதில்தான் பார்த்துப் படித்துவந்தாள் அவன் தங்கை. விளையாடியது அவன், பூட்டு விழுந்தது அவள் படிப்பின்மேல். எல்லாவற்றையும் "கேம்" என்ற ஒரே பெயரால் அழைப்பதனால் வரும் தீங்கு இது. நூல்நிலையத்தையும் சாராயக்கடையையும் "கடைத்தெருவில் இருப்பவை" என்று ஒரே கட்டாகக் கட்டலாமா? ஆகவே பெற்றோரே, "எவ்வளவு நேரம் ஆடினாய்?" என்று கேட்பதோடு, "காசு கேட்கிறதா? எப்போது முடியும்?" என்றும் தயவுசெய்து கேளுங்கள். நல்ல விளையாட்டுக்குப் பெரும்பாலும் முடிவு உண்டு. பணம் பிடுங்கும் விளையாட்டுக்கு முடிவு இராது.

முடிவுள்ள ஒரு விளையாட்டுக்கு வருகிறேன். அது தமிழ் விளையாட்டு, பெயர் வெண்பா. கனடாவில் டொரான்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. ஆக்கியவர் அபி என்ற தமிழர். 2024-இல் சுயேச்சை விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் முதற் பெரும் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்கு அளிக்கும் விருதும் அதற்குக் கிடைத்தன.

கதையின் தலைவி பெயரும் வெண்பா. 1980-களில் கணவர் பாவலனோடு கனடாவில் குடியேறுகிறார். தாயார் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. அழிந்துபோன வரிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். அதுதான் ஆட்டம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாக் குழிக்கும் ஆவி போகும், புட்டுக் குழலில் மாவும் தேங்காய்த் துருவலும் எந்த வரிசையில் விழ வேண்டும் என்பவை அங்கே புதிர்கள். துப்பாக்கி கிடையாது, மதிப்பெண் கிடையாது. மகன் கவின் வளர வளரத் தாய்மொழியைவிட்டு விலகுகிறான், தாய் சமைத்துக்கொண்டே இருக்கிறாள். பின்பாதியை நான் சொல்லமாட்டேன். இட்லியை அண்ணன் இரண்டு முறை கெடுத்தார், நான் ஒரே தடவையில் வேகவைத்தேன் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

அந்தப் பெயரைப் பாருங்கள். வெண்பாவின் இலக்கணத்தை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். ஈற்றடி முச்சீர், ஏனைய அடி நாற்சீர், வெண்டளை பிறழக்கூடாது. இத்தனை கட்டுப்பாட்டுக்குள் நின்றுதான் வள்ளுவர் ஏழு சீரில் 1,330 முறை பேசினார். நாற்பது கிலோபைட்டில் மியாமோட்டோவும், நான்கில் கேரல் ஷாவும் செய்ததற்கு எனக்குத் தெரிந்த நெருங்கிய உவமை இதுவே.

வெண்பாவில் எனக்குக் குறையும் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, புதிர்கள் எளியவை. இன்னும் கடினமாக்கியிருக்கலாம். சாமைச் சோற்றைக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும்! உரலில் எத்தனை முறை குற்றுவது, எப்போது புடைப்பது, கல்லை எப்படி அரித்து எடுப்பது, தண்ணீர் எவ்வளவு வைத்தால் குழையாது என்று எங்கள் பாட்டியிடம் கேட்டால் "கைக்குத் தெரியும்" என்று மட்டுமே சொல்வார். அந்தக் கைக்குத் தெரிந்ததை ஐந்தாறு புதிர்களாகப் பிரித்து எழுதும் வேலையை நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியிருக்கிறேன். இப்போது புடைக்கும் இடத்தில் நிற்கிறேன்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி