பால்கனிக் காணி – 9: செடி எந்த மண்ணில் நிற்கிறது?

சென்ற வாரம் விதை பாக்கெட்டுகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "விதை போட்டு யார் காத்திருப்பது, நர்சரியில் செடியாகவே வாங்கிவிடுகிறோம்" என்று புனேயின் ஹிஞ்சேவாடித் தமிழர்கள் சிலர் சொன்னார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கிய கறிவேப்பிலை ஒரே மாதத்தில் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்பதும், அதற்கு முதலில் உரம், அப்புறம் வேப்பெண்ணெய், அப்புறம் 'பூஸ்டர்' என்று பாட்டில் பாட்டிலாக வீட்டுக்கு வருவதும் இங்குள்ள சொசைட்டிகளில் ஓயாமல் நடக்கிறது. இலையைப் பார்த்து மருந்து வாங்குவதற்கு முன், செடி வந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து வேரைப் பாருங்கள் என்பதுதான் என் பிடிவாதம்.

பையைக் கத்தியால் கீறினால் பல சமயம் உள்ளே கறுத்த களிமண் உருண்டை ஒன்று இருக்கும். நகம் இறங்காது. வேர்கள் அதன் வெளிப்புறத்தில் வலைபோல் ஒட்டிக்கொண்டு, உள்ளே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். சாலையோர நர்சரிக்காரரிடம், "காகா, இது எங்கே வளர்ந்த செடி?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்: ராஜமுந்திரியிலிருந்து லாரியில் வந்தது. கோதாவரிக் கரையில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியம் வட்டாரம் முழுக்க நர்சரிகள்தான். நாட்டின் பல ஊர்களுக்கு அங்கிருந்து செடி போகிறது. அத்தனை தூரம் லாரியில் குலுங்கி வந்தும் வேர் கலையாமல் இருக்க வேண்டுமானால் மண் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். களிமண்ணில் வைப்பதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. பயணத்துக்கு அது சரி, தொட்டிக்குச் சரிப்படாது.

அந்த உருண்டையை அப்படியே எடுத்து, கோகோபீட் என்னும் தென்னை நார்த்தூள் நிறைந்த பொலபொலப்பான கலவைக்கு நடுவில் நாம் வைக்கிறோம். ஏப்ரல் வெயிலில் ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள நார்த்தூளில் இறங்கி, அடித்துளை வழியாக ஓடிவிடுகிறது. மேலே தொட்டால் ஈரம், உருண்டைக்குள் வறட்சி. ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் கதை தலைகீழ்: ஒருமுறை நனைந்த களிமண் செப்டம்பர் வரை காயாது, வேர் அழுகும். இந்த இரண்டுக்கும் எந்தப் பாட்டிலிலும் மருந்து இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் உருண்டையை முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை விடுங்கள். மெல்லிய குச்சியால் வெளிப்புற மண்ணை மட்டும் உதிர்த்துவிடுங்கள். சல்லிவேர் அறாமல் பொறுமையாகச் செய்ய வேண்டும். மழை தொடங்கிக் காற்றில் ஈரம் வந்தபிறகு மாற்றினால் செடி தாங்கும்.

கோகோபீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 5 கிலோ கட்டி தண்ணீரில் ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் வரும். அதன் பெரும் உற்பத்தி நம் பொள்ளாச்சிப் பக்கம்தான். ஈரம் பிடிப்பதில் அதற்கு இணை இல்லை, ஆனால் செடிக்குச் சாப்பாடு அதில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. சரியாகக் கழுவாத கட்டியில் உப்பும் மிச்சம் இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை தரும் மாடித்தோட்டத் தொகுப்பில் நார்க்கழிவுக் கட்டியோடு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களையும் தனியாக வைத்திருப்பதைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். 'ரெடி மிக்ஸ்' என்று விலை வைத்து விற்கும் பைகள் பலவற்றில் முக்கால்வாசி நார்த்தூள்தான் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு நல்ல மண்ணும் தொழுவுரமும் வாங்கலாம்.

எந்த மண்? ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க் ஆவதற்கு முன் வயல்தான். இதே முள்ஷி தாலுகாவில் இன்றும் ஆம்பேமோஹர் நெல் விளைகிறது. ஆனால் இந்தப் பக்கத்துக் கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் விரல் நுழைய வெடிக்கும். தொட்டிக்கு அதை மட்டும் நிரப்பக் கூடாது. நான் சொல்வது இதுதான்: செம்மண் ஒரு பங்கு, தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கழுவிய கோகோபீட் ஒரு பங்கு. தொட்டியின் அடிப்பாதியில் காய்ந்த இலைச்சருகும், கரும்புச்சாறு கடையில் கிடைக்கும் சக்கையும். மும்பையில் நகர விவசாயத்தைப் பரப்பிய ஆர். டி. தோஷி மொட்டை மாடியில் காட்டிய வழி அது. சுமையும் குறையும், வாடகை வீட்டு பால்கனிக்கு இது முக்கியம்.

மண்புழு உரத்துக்கு 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் அளவு இருக்கிறது: ஈரம் 15 முதல் 25 சதவீதம், கரிமச்சத்து குறைந்தது 18 சதவீதம். பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற பையில் நீங்கள் வாங்குவது தண்ணீர். உங்கள் சொசைட்டி சமையலறைக் கழிவை இயந்திரத்தில் போட்டு உரம் எடுக்கிறது என்றால் அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அரைகுறையாக மக்கியது வேரைப் பொசுக்கிவிடும். ஒரு டப்பாவில் அந்த உரத்தையும் மண்ணையும் கலந்து வெந்தயம் தூவுங்கள். ஒரு வாரத்தில் பச்சையாக முளைத்து நின்றால் பயன்படுத்தலாம். முளை கருகினால் இன்னும் ஒரு மாதம் மூடி வைக்க வேண்டும்.

எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: பூச்செடி அவசரத்துக்கு வாசல் பக்கத்து நர்சரி போதும். பல ஆண்டு நிற்க வேண்டிய எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, சோலாப்பூர் சாலையில் உருளி காஞ்சன் பக்கம் போங்கள். அங்கே சொந்தமாகப் பதியன் போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. இந்தத் தண்ணீருக்கும் டிசம்பர்க் குளிருக்கும் பழகிய செடி அவர்களிடம் கிடைக்கும். ஒட்டுக்கன்றுக்கு 1873இல் தொடங்கிய கணேஷ்கிண்ட் தோட்டத்தில் இயங்கும் பழ ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். எங்கே போனாலும் பூத்துக் குலுங்கும் செடியை விட்டுவிட்டு, பையைத் தூக்கி அடித்துளையைப் பாருங்கள். வேர் வெளியே வந்து தரையைப் பிடித்திருந்தால் அது பையில் தேவைக்கு மேல் இருந்துவிட்டது. பக்கத்தில் உள்ள சின்னச் செடியைக் கேளுங்கள்.