மூன்று சென்டிமீட்டரின் விலை

காரைத் தாழ்த்துவது அரை நாள் வேலை. தாழ்த்திய காரை நேராக ஓட வைப்பதில்தான் சிக்கல் ஆரம்பமாகிறது.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. காரைத் தயாரித்த நிறுவனம் மோசமான சாலைகளையும் முழுப் பாரத்தையும் கணக்கிட்டு விட்ட இடைவெளி அது. ஆனால் காரைப் பந்தய காராகக் கற்பனை செய்துகொள்ளும் இளைஞரின் கண்ணில் முதலில் உறுத்துவதும் அதுதான். தில்லி கரோல் பாகிலோ, பெங்களூர் ஜே.சி. ரோட்டிலோ அலாய் வீல் வாங்கப் போகிறவர் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி, "கொஞ்சம் கீழே இறக்க முடியுமா?"

முடியும். ஏன் இறக்க வேண்டும் என்பதற்கு இயற்பியலில் நல்ல காரணமும் இருக்கிறது. ஒரு கார் வளைவில் திரும்பும்போது அதன் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு நகர்கிறது. எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக நகரும். ஆயிரம் கிலோ எடை, தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் எடை மையம், இரு சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் அகலம் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். புவியீர்ப்பில் பாதியளவு விசையோடு அது வளைந்தால் சுமார் 167 கிலோ வெளிப்பக்கம் போகிறது. காரை 3 செ.மீ. இறக்கினால் இது 157 கிலோவாகக் குறைகிறது. அந்தப் பத்து கிலோ உள்பக்கச் சக்கரங்களிலேயே தங்கிவிடுவதால் நான்கு டயர்களும் சாலையை நன்றாகப் பற்றுகின்றன. பந்தயத்தில் ஒரு சுற்றுக்குச் சில நொடித் துளிகளை மிச்சப்படுத்த இது போதும்.

ஆனால் இந்தப் பத்து கிலோ லாபம், இறக்கும் வேலையை ஒழுங்காகச் செய்தால் மட்டுமே கையில் நிற்கும்.

கிரைண்டர் வைத்தியம்

தெருவோரப் பட்டறைகளில் இதற்கு இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. ஸ்பிரிங்கைக் கழற்றி கிரைண்டரால் ஒரு சுற்றை அறுத்து எறிவது ஒன்று. கேஸ் வெல்டிங் சுடரைக் காட்டி ஸ்பிரிங்கைத் தளர வைப்பது மற்றொன்று. இரண்டாவது, தெரிந்தே ஆபத்தை விலைக்கு வாங்குவது. ஸ்பிரிங் எஃகின் பலம் அதைப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது. சுடர் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடுகிறது. நாளடைவில் ஸ்பிரிங் மேலும் அமுங்கும், அல்லது ஒடியும்.

அறுப்பதில் உள்ள கோளாறு சட்டென்று தெரியாது. ஆறு சுற்றில் ஒன்று போனால் மீதியுள்ள ஐந்து சுற்று 20 சதவீதம் கூடுதல் விறைப்பாகிவிடும். ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்காகச் செய்யப்பட்டது. புதிய விறைப்பை அதனால் அடக்க முடியாமல் கார் துள்ளுகிறது. ஸ்பிரிங்கின் நீளம் குறைந்துவிட்டதால், சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் கிண்ணத்திலிருந்து தளர்ந்து, இடம் மாறி உட்காரவும் கூடும். மேலே எழும்பும்போதும் இடமில்லை. சஸ்பென்ஷனின் கடைசிப் பாதுகாப்பான ரப்பர் கட்டையில் அடிக்கடி மோதுகிறது. வளைவின் நடுவே அப்படி மோதினால் அந்தச் சக்கரத்துக்கு அப்போதைக்கு ஸ்பிரிங்கே இல்லை என்று அர்த்தம். பிடி நழுவுகிறது.

சரியான வழி, தாழ்ந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் அதற்கு ஏற்ற ஷாக் அப்சார்பரும். இன்னும் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள், மரையைத் திருகி உயரத்தை மாற்றக்கூடிய 'காயில் ஓவர்' பொருத்துகிறார்கள். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு மூலையைத் திருகி உயர்த்தினால் அந்த மூலையிலும் அதன் எதிர்மூலையிலும் எடை ஏறும். மற்ற இரண்டிலும் குறையும். நொண்டி மேஜையின் ஒரு காலுக்கு அட்டை வைப்பது போலத்தான். அதனால்தான் பந்தயக் குழுக்கள் நான்கு சக்கரங்களின் கீழும் தராசு வைத்துத் திருகுகின்றன.

தாழ்ந்தும் சாயும் கார்

இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன்பக்கம் இருப்பது 'மெக்பெர்சன் ஸ்ட்ரட்' என்ற அமைப்பு. ஃபோர்டு நிறுவனத்தில் பணியாற்றிய எர்ல் மெக்பெர்சன் என்ற பொறியாளரின் பெயரால் வழங்குவது. மலிவானது, இடத்தை அடைக்காதது. மாருதி 800-இலும் இதுதான் இருந்தது. ஆனால் இறக்கும் வேலைக்கு இது அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை.

சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க்கை, சாதாரண உயரத்தில் ஏறக்குறையத் தரைக்கு இணையாகவோ, வெளிமுனை சற்றுத் தாழ்ந்தோ இருக்கும். காரை அதிகமாக இறக்கினால் வெளிமுனை மேலே தூக்கிக்கொள்கிறது. விளைவுகள் இரண்டு. ஒன்று, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. நெம்புகோல் நீண்டுவிட்டது போல், ஸ்பிரிங்கின் விறைப்பு கூடாவிட்டால் தாழ்ந்த கார் முன்னைவிட அதிகமாகச் சாயும். இரண்டு, வளைவில் அமுங்கும் வெளிச் சக்கரம் நிமிர்ந்து நிற்பதற்குப் பதில் டயரின் வெளி விளிம்பில் ஏறத் தொடங்கும். இதைச் சரிக்கட்டக் கீழ்க்கையின் கோணத்தை மீட்கும் நீண்ட பால் ஜாயிண்டுகள் உண்டு. பட்டறைகளில் இதைக் கேட்பவர்கள் குறைவு.

கிலோமீட்டருக்கு 8.7 மீட்டர்

உயரம் மாறினால் சக்கரங்களின் கோணங்களும் மாறும். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். மேலேயிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்முனை உள்நோக்கி இருக்கிறதா, வெளிநோக்கி இருக்கிறதா என்பது டோ. ஸ்டீரிங் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்க்கும்போது எவ்வளவு பின்சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர்.

டயரைத் தின்பதில் முதல் குற்றவாளி கேம்பர் என்றே பலர் நம்புகிறார்கள். அதன் பங்கும் உண்டுதான். ஆனால் பெரிய திருடன் டோ. ஒவ்வொரு சக்கரமும் வெறும் அரை டிகிரி விலகியிருந்தால், கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது டயர் ஏறத்தாழ 8.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் போனால் 8.7 கிலோமீட்டர். பாதிக் காலத்திலேயே உள்விளிம்பில் கம்பி தெரியும் டயர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

நல்ல டெக்னீஷியன் இயந்திரத்தை மாட்டுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறார். டயர் காற்றை அளக்கிறார். பால் ஜாயிண்டிலும் டை ராடிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறார். புது ஸ்பிரிங்குகள் படிந்து உட்காரச் சில நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்கிறார். பின் சக்கரங்களில் திருத்தும் வசதி இருந்தால் அவற்றில் தொடங்கி, முன்னால் வந்து காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. இந்த வரிசை மாறினால் வேலை வீண், ஏனென்றால் கேம்பரைத் தொட்டால் டோ நகரும். பல சாதாரணக் கார்களில் கேம்பரைத் திருத்த நிறுவனம் வழியே வைக்கவில்லை. தனி போல்ட்டோ, மேல் தட்டோ போட வேண்டும். பல கடைகளில் டோவை மட்டும் திருத்திவிட்டு 'அலைன்மென்ட் முடிந்தது' என்று பில் போடுவதன் பின்னணி இதுதான்.

வேறு சில கணக்குகளும் உண்டு. முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காவிட்டால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பின் அச்சின் உயரத்தைப் பார்த்துப் பிரேக் அழுத்தத்தைப் பிரிக்கும் வால்வு உள்ள பழைய கார்களில், தாழ்ந்த பின்பக்கத்தை அந்த வால்வு பாரம் ஏற்றியதாக எண்ணிக்கொள்ளும். பிரேக் போட்டால் பின் சக்கரங்கள் இறுகி நின்று கார் சுழலலாம்.

வேகத்தடையும் சட்டமும்

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-இல் வகுத்த நெறிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். இரண்டரை மீட்டர் வீல்பேஸ் உள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது, அடிவயிற்றுக்குக் கீழே உள்ள இடைவெளியில் 4.6 செ.மீ. மட்டுமே குறையும். 17 செ.மீ. இடைவெளி உள்ள காரை 3 செ.மீ. இறக்கினாலும் 9 செ.மீ.க்கு மேல் மிஞ்சும். நெறிப்படி கட்டிய சாலையில் தாழ்த்திய கார் தட்டாது. ஆனால் ஊர்க்காரர்கள் ஒரு முழ அகலத்தில் கொட்டி வைத்த தார் மேட்டுக்கு எந்த நெறியும் கிடையாது. அது தன் முழு உயரத்தையும் காரின் அடியில் காட்டும். நான்கு பேர் ஏறி ஸ்பிரிங் அமுங்கியிருந்தால் முதலில் அடிபடுவது ஆயில் சம்ப்.

சட்டமும் கண்டுகொள்ளாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாதவர், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது தனியாக ஒரு வழக்கை எதிர்கொள்ள நேரலாம்.

தாழ்த்திய கார் கேள்வியின்றி ஓடக்கூடிய இடங்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை, தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டா போன்ற பந்தயத் தடங்கள்தாம். அங்கே வேகத்தடை இல்லை. பிறந்தபோதே தாழ்வாகப் பிறந்த விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களோ நகரத்துக்குள் வந்தாக வேண்டும். அவற்றில் சிலவற்றில் ஒரு பட்டன் இருக்கிறது. வேகத்தடையைக் கண்டதும் அழுத்தினால் மூக்கு சில சென்டிமீட்டர் உயரும். ஒருவர் காசு கொடுத்து இறக்குகிறார். கோடீஸ்வரர் காசு கொடுத்து ஏற்றுகிறார்.