தொழுகை நேரமும் கைப்பேசிக் கடிகாரமும்

"ஹஜ்ரத், இந்தியா முழுக்க ஒரே நேரம்தானே? அப்புறம் ஏன் சென்னை அட்டவணையில் லுஹர் முன்னாடியே வருது, நம்ம ஊர்ல பின்னாடி வருது?"

போடிப் பகுதி இளைஞர் ஒருவர் கைப்பேசியைக் காட்டிக் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடினால், சூரியன், அரசாங்க உத்தரவு, கணினி மென்பொருள் ஆகிய மூன்றும் நம் தொழுகை அட்டவணையில் எப்படி ஒன்று சேர்கின்றன என்பது விளங்கும்.

லுஹருடைய வக்து சூரியன் உச்சி சாய்ந்ததும் தொடங்குகிறது. அது எப்போது என்பதை ஊரின் தீர்க்கரேகை முடிவு செய்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. சென்னை ஏறக்குறைய 80¼ பாகையில் இருக்கிறது. நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் பெயர் பரவிய நம் பொட்டிபுரம் 77¼ பாகையில் இருக்கிறது. இரண்டுக்கும் 3 பாகை வித்தியாசம். ஆகவே சென்னையில் உச்சி சாய்ந்து 12 நிமிடம் கழித்தே பொட்டிபுரத்தில் சாயும். ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால் இங்கே நடு உச்சி 12 மணிக்கு அல்ல, சுமார் 12.21 மணிக்கு.

சூரியனின் இந்த ஓட்டம் இறைவன் வகுத்தது. ஆனால் அந்தக் கணத்துக்கு '12.21' என்று பெயர் வைத்தது மனிதர்கள். மனிதர்கள் வைத்த பெயரை மனிதர்களே மாற்றவும் செய்வார்கள். மென்பொருளுக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நம் நாட்டையே பாருங்கள். 1802இல் சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம் மதராஸ் நேரத்தை நிர்ணயித்தார். அது கிரீன்விச்சை விட சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. பின்னர் ரயில்களும் அந்த நேரத்தில் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, கடிகாரம் மேலும் ஒரு மணி நேரம் முன்னால் வைக்கப்பட்டது. 1943இல் காலை 7 மணிக்குப் பிறந்ததாக ஒரு பெரியவரின் குறிப்பில் இருந்தால், இன்றைய கணக்கில் அது 6 மணி.

இந்த மாற்றங்களையெல்லாம் கணினி எப்படி நினைவில் வைக்கிறது? உலகம் முழுவதற்கும் பொதுவான நேர வலயத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. 1980களில் அமெரிக்காவின் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய பணி இது. நம் கைப்பேசிகளும் கணினிகளும் பெரும்பாலும் இதையே நம்பி இயங்குகின்றன. இதில் ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு நகரத்தின் பெயர் உண்டு, நமக்கு 'ஆசியா/கொல்கத்தா'. அந்தப் பெயரின் கீழே, எந்தத் தேதி வரை கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி நேர வித்தியாசம் என்று வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். மதராஸ் நேரத்துக்கு ஒரு வரி, போர்க்கால நேரத்துக்கு ஒரு வரி. லண்டன் போன்ற ஊர்களுக்கு 'மார்ச் மாதக் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் கூட்டு, அக்டோபர் கடைசி ஞாயிறு குறை' என்று விதியாகவே எழுதியிருப்பார்கள்.

இந்தக் குறிப்பின் அவசியம் இலங்கையைப் பார்த்தால் புரியும். மின்தட்டுப்பாட்டால் 1996 மே 25 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று அரை மணி நேரம் குறைத்தார்கள். 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் பழைய ஐந்தரைக்கே வந்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. சூரியன் மாறவில்லை, ஆனால் கொழும்புப் பள்ளிவாசலின் அட்டவணையில் ஒவ்வொரு வரியும் மாற வேண்டியிருந்தது. 'இலங்கை என்றால் ஐந்தரை' என்று நிரந்தரமாக எழுதி வைத்த மென்பொருள், 2000ஆம் ஆண்டின் கொழும்பு நேரத்தை அரை மணி நேரம் தவறாகவே சொல்லும்.

இன்னோர் எடுத்துக்காட்டு மொராக்கோ. அங்கே 2018 முதல் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னால் வைத்த கடிகாரம்தான். ரமளானில் மட்டும் அதைப் பின்னால் வைக்கிறார்கள். அதனால் நம் ஹிஜ்ரி நாட்காட்டியும் அந்தத் தரவுத்தளத்துக்குள் நுழைந்துவிட்டது. வருங்கால ரமளான்களைக் கணித்து 2087 வரை தேதி எழுதி வைத்திருக்கிறார்கள். அரசு வேறு தேதியை அறிவித்தால் தரவுத்தளத்தையும் திருத்துவார்கள்.

அடுத்தது லீப் விநாடி. அணுக் கடிகாரம் மாறாமல் ஓடும். பூமியின் சுழற்சியோ சற்று ஏறி இறங்கும். இரண்டும் விலகிவிடாமல் இருக்க 1972 முதல் 27 முறை ஒரு விநாடி கூட்டியிருக்கிறார்கள். கடைசியாகக் கூட்டியது 2016 டிசம்பர் 31 நள்ளிரவில், கிரீன்விச் கணக்குப்படி. நமக்கு அது 2017 ஜனவரி 1 காலை ஐந்தரை மணி. கணினிகள் பெரும்பாலும் ஒரு நாளுக்குச் சரியாக 86,400 விநாடி என்றே எண்ணுகின்றன. கூடுதல் விநாடிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 2012இல் கூட்டியபோது பல இணையச் சேவைகள் தடுமாறின. அதனால் சில நிறுவனங்கள் அந்த ஒரு விநாடியை நாள் முழுவதும் சிறு சிறு துளியாகப் பரப்பிவிடுகின்றன. 2035க்குள் இந்த முறையைத் தளர்த்த 2022இல் உலக நாடுகளின் அளவியல் மாநாடு முடிவு செய்தது. நிமிடக் கணக்கில் அமையும் தொழுகை அட்டவணையை ஒரு விநாடி பாதிக்காது.

நம்மைப் பாதிப்பது வலயமும் ஊரும் தவறாக இருப்பதுதான். செயலியில் சென்னையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போடியில் தொழுதால், லுஹரை வக்துக்கு முன்பே தொழுதுவிடும் ஆபத்து உண்டு. ரமளானில் அதே தவறு நோன்பை நேரத்துக்கு முன்பே திறக்க வைத்துவிடும். மேற்கே மலை இருக்கும் நம் பகுதியில், சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்து மஃரிப் என்று முடிவு செய்வதும் சரியல்ல.

எனவே கைப்பேசியில் சொந்த ஊரையே குறியுங்கள். மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். அரசுகள் மாற்றும் நேரம் அதன் வழியாகத்தான் வந்து சேர்கிறது. அட்டவணை அச்சிடும் ஜமாஅத்தினர் அது எந்த ஊருக்கு உரியது என்பதைத் தலைப்பிலேயே போடட்டும். செயலி எழுதும் இளைஞர்கள் 'ஐந்தரை' என்ற எண்ணைச் சேமிக்காமல் வலயத்தின் பெயரைச் சேமிக்கட்டும்.

வக்தைப் பேணித் தொழும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.