ஆவணக் காப்பாளருக்கு ஒரு பரீட்சை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வைத்தியம் செய்யவும் வழக்காடவும் சட்டப்படி அநுமதி வேண்டும். பழைய தஸ்தாவேஜுகளைப் பராமரிக்கும் ஆவணக் காப்பாளருக்கோ அத்தகைய நிர்ப்பந்தம் ஏதுமில்லை. ஆயினும், தம் யோக்கியதையைத் தொழிலினரே சோதித்து அங்கீகரிக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுத்து, நெடுநாள் வாதப் பிரதிவாதங்களுக்குப் பின், 1936 முதல் இயங்கிவந்த அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கத்திலிருந்து கிளைத்து, 1989-இல் 'அகாடமி ஆஃப் சர்ட்டிஃபைட் ஆர்க்கிவிஸ்ட்ஸ்' என்ற ஸ்தாபனம் தோன்றிற்று. அதன் ஆதி அங்கத்தினருள் பலர் பரீட்சையே எழுதாமல், அநுபவத்தைக் காட்டி மனுச் செய்து சான்றிதழ் பெற்றனர் என்பது சற்றே புன்னகைக்கத்தக்க விஷயம்.

பின்வந்தோருக்கு அந்தச் சலுகை இல்லை. முதுகலைப் பட்டத்தோடு ஆவணவியற் பாடங்களையும் பயின்றவருக்கு ஓராண்டு அநுபவமும், பயிலாதவருக்கு இரண்டாண்டு அநுபவமும் வேண்டும். பரீட்சை மூன்று மணி நேரம்; 100 வினாக்கள்; ஒவ்வொன்றிலும் தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காலஞ்சென்ற வைத்தியர் ஒருவரின் காகிதங்கள் ஒரு பெட்டியில் வந்து சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கடிதங்களுக்கிடையே ரசீதுகள், துருப்பிடித்த குண்டூசிகள், நோயாளிகளின் பெயர்கள். எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிவிடவே கை துடிக்கும். ஆனால் அவர் எந்தக் கடிதத்தோடு எந்த ரசீதைச் சேர்த்து வைத்தார் என்பதே ஒரு சாட்சியம் ஆகையால், அந்த வரிசையைக் கலைக்கலாகாது. அது முன்பே சிதறிப்போயிருந்தால் மாத்திரமே புதிதாக ஒழுங்கு செய்யலாம். ஊசிகளை அகற்றி, அமிலமற்ற உறைகளில் இட்டு, அட்டவணை எழுதிய பின்னரும், நோயாளிகளின் அந்தரங்கத்தை யார், எப்போது படிக்கலாம் என்ற தர்மசங்கடம் எஞ்சும். தேர்வு, வகைப்படுத்தல், பாதுகாப்பு, சட்டம் முதலாகப் பரீட்சைக்குரிய ஏழு துறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

இத்தகைய விவேகத்தை விடைக்குறியிட்டு அளக்க முடியுமா? ஓரளவு முடியும் என்பதே என் அபிப்பிராயம்: தவறான விடைகளும் நியாயமாகத் தோன்றும்படி வினா அமைந்தால், மனப்பாடம் உதவாது. ஆனால் பூஞ்சணம் பிடித்த காகிதத்தைப் பிரிக்கும் விரல்களின் நிதானத்தை எந்த வினாத்தாளும் கண்டறியப் போவதில்லை.

சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்கே செல்லும். கல்வி, பணி, எழுத்து, தொழில்சார் சங்கங்களில் ஆற்றும் சேவை ஆகியவற்றுக்கு அளிக்கப்படும் புள்ளிகளைச் சேர்த்து அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கு வழக்கில் பிரியமில்லாதவர் மறுபடியும் பரீட்சைக்கே உட்காரலாம்.