லயத்து வீடும் இணைய வீடும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. காப்பியை ஆற்றிக்கொண்டே கைப்பேசியைத் திறந்தேன். என் பக்கத்தைக் காணவில்லை. ‘விதிமுறைகளை மீறியதால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டது’ என்று ஒரே ஒரு வரி. எந்த விதி, எந்தப் பதிவு, யார் புகார் செய்தார்கள்? எதற்கும் பதில் இல்லை.

ஒன்பது ஆண்டுகளாக அந்தச் சமூக ஊடகத்தில் எழுதி வந்தேன். பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை. நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் பெரியவர்களைத் தேடிப் போய், அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினேன். பால் வெட்டிய கதை, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்த கதை, ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன அண்ணன் திரும்பி வராத கதை. முந்நூறுக்கும் மேற்பட்ட பதிவுகள். சிலவற்றில் அவர்களின் குரலும் இருந்தது.

மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. மனிதர் யாரும் படித்திருக்க முடியாத வேகம். ஒரு மாதம் கழித்துக் கணக்கு நிரந்தரமாக நீக்கப்பட்டது. எழுதியது போனால் மறுபடியும் எழுதலாம் என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெரியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

மண் யாருடையது?

யோசித்துப் பார்த்தால், வீட்டை விட்டு இப்படிக் கிளம்புவது எனக்கு இது முதல்முறை அல்ல.

தோட்டத்தில் எங்களுக்கு எல்லாம் இருந்தது. லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை, கடன் கொடுக்கும் கடை, மாதம் ஒருமுறை திடலில் திரைப்படம். வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. மூன்று தலைமுறை அங்கேயே வாழ்ந்தோம். ஆனால் வேலை இருக்கும்வரைதான் வீடு. தோட்டம் கைமாறியது, வீடமைப்புத் திட்டம் வந்தது, காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் அம்மா வளர்த்த முருங்கை மரத்தை அவர் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா மட்டும், “கோயில் நாம கட்டினது, மரம் நாம நட்டது, மண்ணு மட்டும் அவனோடது” என்றார்.

என் பக்கம் காணாமல் போன அன்று அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. சமூக ஊடகமும் ஒரு தோட்டம்தான். சொந்தக்காரர்கள், நண்பர்கள், கடை, படம், செய்தி எல்லாம் வேலிக்குள்ளேயே கிடைக்கும். காசு கேட்பதில்லை. நாம் எழுதுகிறோம், நம் எழுத்தைப் பார்க்க வருகிறவர்களிடம் அவர்கள் விளம்பரம் காட்டிப் பணம் பார்க்கிறார்கள். பால் நம்முடையது, மண் அவர்களுடையது.

அனுமதி கேட்காத முன்னோடிகள்

இணையம் தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. மின்னஞ்சலை எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் வைத்திருப்பீர்கள், நான் வேறொரு நிறுவனத்தினுடையதை வைத்திருப்பேன். ஆனாலும் கடிதம் போய்ச் சேருகிறது. காரணம், 1982-இல் வகுக்கப்பட்ட பொது நெறிமுறை ஒன்று. அதற்கு முதலாளி கிடையாது. உலகளாவிய வலையும் அப்படித்தான். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் அதை முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30-இல் ஜெனீவாவில் உள்ள ‘செர்ன்’ ஆய்வுக்கூடம் அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அந்த ஒரு முடிவால்தான் யார் வேண்டுமானாலும் அகப்பக்கம் தொடங்க முடிந்தது.

அந்தத் திறந்த வெளியில் தமிழை முதலில் கொண்டுபோய் வைத்தவர்களில் நம் வட்டாரத்தினர் முக்கியமானவர்கள். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் அதில் இருந்ததற்கு அவருடைய உழைப்பு பெரிய காரணம். தம் மென்பொருளுக்கு அவர் வைத்த பெயர் ‘கணியன்’. மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கி, தமிழில் மின்னஞ்சல் எழுத வழி செய்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகத் தந்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மூலம், தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தார்.

இவர்களில் யாரும் ஒரு பெரிய நிறுவனம் தமிழுக்கு இடம் கொடுக்கும் என்று காத்திருக்கவில்லை. ஆளுக்கொரு மேசையில், ஆளுக்கொரு நாட்டில், வேலை முடிந்த இரவுகளில் செய்தார்கள். கலகம் என்று அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்துக்காகவே கட்டப்பட்டிருந்த ஒரு கருவியைத் தமிழ் பேச வைத்தது கலகம் அல்லாமல் வேறென்ன?

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு என்றதால் ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகவும் புரியாத குறிகளாகவும் தெரிந்தது. அந்த வேதனையை அனுபவித்தவர்கள் இதைப் படிக்கும்போது சிரிப்பீர்கள். தனித்தனியே சுதந்திரமாக இருந்தோம், ஆனால் ஒருவரையொருவர் படிக்க முடியவில்லை. பிறகு பல நாட்டவர் கூடிப் பேசினார்கள், சண்டை போட்டார்கள், ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். கடைசியில் எல்லோரும் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம். 2000-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின்போது ‘உத்தமம்’ அமைப்பு பிறந்ததும் இந்தக் கூடிப் பேசும் தேவையால்தான்.

அதற்குப் பின் நாம் சோம்பேறிகளானோம். சொந்தப் பக்கம் வைத்திருப்பது சிரமம், பெரிய தளத்தில் எழுதுவது எளிது. ஆனால் பெரியதும் மூடப்படும். கோடிக்கணக்கான தனிமனிதப் பக்கங்கள் இருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. வலைப்பதிவுகளைத் தொகுத்துப் படிக்க உதவிய கூகல் ரீடர் 2013-இல் நிறுத்தப்பட்டது.

கையளவு கணினி

என் அக்கா மகள் கணினித் துறையில் வேலை செய்கிறாள். நான் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கட்டு அளவில் ஒரு சிறிய கணினியைக் கொண்டுவந்து என் இணையப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ராஸ்பெர்ரி பை என்று பெயராம். ஒரு சிறிய விளக்குக்கு ஆகும் மின்சாரம்தான் செலவு. “மாமா, இனிமே இதுதான் உங்க சர்வர்” என்றாள்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். 2016-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ என்ற இளைஞர் ‘மாஸ்டடான்’ என்ற சமூக ஊடக மென்பொருளை வெளியிட்டார். அதை யாரும் எடுத்துத் தங்கள் சொந்தச் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். 2018 ஜனவரியில் ‘ஆக்டிவிட்டிபப்’ என்ற நெறிமுறை உலகளாவிய வலைத் தர அமைப்பின் பரிந்துரையானது. அந்த நெறிமுறையைப் பேசும் எந்தச் சர்வரில் இருப்பவரும் வேறு எந்தச் சர்வரில் இருப்பவரையும் பின்தொடரலாம், பதில் எழுதலாம். மின்னஞ்சல் மாதிரிதான். 2022 அக்டோபரில் டுவிட்டர் 44 பில்லியன் டாலருக்குக் கைமாறியபோது ஏராளமானோர் இதன் பக்கம் வந்தார்கள்.

எங்கள் சர்வரில் இப்போது பதினான்கு குடும்பங்கள். எல்லாம் அதே தோட்டத்தைச் சேர்ந்தவர்கள். இன்று ஈப்போ, சுங்கைப்பட்டாணி, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடப்பவர்கள். தொலைந்த பதிவுகளைத் தேடினோம். ஒருவர் புலனத்தில் பகிர்ந்து வைத்திருந்தார், இன்னொருவர் அச்சிட்டுக் கோப்பில் வைத்திருந்தார். இப்படித் தொண்ணூற்றுச் சொச்சம் பதிவுகள் திரும்பக் கிடைத்தன. குரல்களில் ஏழு மட்டும்.

நானே கங்காணி

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் பொய். இடி மழையில் மின்சாரம் போனால் எங்கள் உலகமே இருண்டுவிடும். யாராவது படிக்கிறார்களா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வாசகர் குறைவு. அகப்பக்கப் பெயரும் சொந்தமல்ல, ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டிய குத்தகைதான்.

பெரிய சோதனை நான்காவது மாதம் வந்தது. ஒருவர், பழைய பகையை மனத்தில் வைத்து இன்னொரு குடும்பத்துப் பெண்ணைப் பற்றி அவதூறு எழுதிவிட்டார். இரவு பதினொரு மணிக்கு எனக்கு அழைப்பு. நான் கோபத்தில் அவருடைய கணக்கையே நீக்கிவிட்டேன். ஒரு பொத்தான், அவ்வளவுதான். மறுநாள் அவர் மகன் கூப்பிட்டு, “வாத்தியாரே, அப்பா தப்புதான் எழுதினாரு. ஆனா தாத்தா போட்டோ எல்லாம் அதுலதானே இருந்துச்சு?” என்று கேட்டான். எனக்கு எது செய்யப்பட்டதோ, அதையே நான் இன்னொருவருக்குச் செய்திருந்தேன். விளக்கம் கேட்கவில்லை, அவகாசம் தரவில்லை.

நல்ல வேளை, அக்கா மகள் முந்தைய நாள் நகல் எடுத்து வைத்திருந்தாள். படங்களைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்கடுத்த வாரம் எல்லோரும் கூடி மூன்று விதி எழுதினோம். ஒரு பதிவை நீக்க மூன்று குடும்பம் ஒத்துக்கொள்ள வேண்டும். நீக்கும் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். வெளியேறுகிறவர் தம்முடையதை எல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம். அவதூறு எழுதியவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். இப்போது எங்களோடுதான் இருக்கிறார்.

அப்போதுதான் துன் சம்பந்தனார் நினைவுக்கு வந்தார். ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்று, அவை துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டி, தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். ஒரு தொழிலாளியால் தனியாக ஒரு தோட்டத்தை வாங்க முடியாது. சேர்ந்தால் முடியும், சேர்ந்தபின் கணக்கு வழக்கையும் சேர்ந்தே பார்க்க வேண்டும். இணையத்திலும் சுதந்திரம் என்பது தனியாளின் வீரம் மட்டுமல்ல என்பதை அறுபது வயதில் கற்றுக்கொண்டேன்.

போத்து வெட்டுங்கள்

காலம் கொஞ்சம் மாறி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம், பெரிய செய்திச் செயலிகள் மற்ற செயலிகளோடு பேச வழிவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தம், நம் தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கும் உரிமையைச் சேர்த்திருக்கிறது. தொழில்நுட்பம் இடம்கொடுத்தால்தான் என்ற நிபந்தனையோடு.

எல்லோரும் வீட்டில் சர்வர் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கே ஒன்று செய்யலாம். நீங்கள் எழுதும் தளத்தின் அமைப்புப் பகுதியில் ‘தரவைப் பதிவிறக்கு’ என்ற வசதி இருக்கும். அதை அழுத்துங்கள். வந்ததைக் கணினியில் ஒரு நகல், வெளியே எடுத்து வைக்கும் வட்டில் ஒரு நகல், வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு நகல் என வையுங்கள். முடிந்தால் உங்கள் பெயரில் ஓர் அகப்பக்கம் தொடங்கி, முதலில் அங்கே எழுதிவிட்டுப் பிறகு மற்ற இடங்களில் பகிருங்கள்.

அம்மா அந்த முருங்கை மரத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. கிளம்பும் நாளில் ஒரு போத்தை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, லாரியில் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இன்றும் அக்கா வீட்டுப் பின்புறம் நிற்பது அந்தப் போத்துதான்.

போன மாதம், குரல் மீண்டு கிடைத்த ஏழு பேரில் உயிரோடிருக்கும் ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். கைப்பேசியில் அவர் குரலையே அவருக்குப் போட்டுக் காட்டினேன். பொக்கை வாயோடு சிரித்தவர், சட்டென்று கேட்டார்: “தம்பி, நான் போனப்புறமும் இது இருக்குமா?”

“மூணு வீட்டுல இருக்கு பாட்டி” என்றேன்.

“அப்ப இன்னொன்னு சொல்றேன், எழுதிக்கோ” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.